ஆமென் சொல்லாத பாஸ்டர்

"ஐயா, நாளைக்காவது ஆமென்னு ஒண்ணு சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

சபைச் செயலாளர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த பாஸ்டர் நிமிர்ந்தார்.

"சொல்லாம எங்க போகப்போறேன்?"

"எங்க சொல்றீங்க? வந்த புதுசுல சிங்கம் மாதிரி கர்ஜிச்சீங்க. நீங்க மேஜையைத் தட்டினா கடைசி பெஞ்சு வரைக்கும் அதிரும். இப்போ என்னடான்னா ஒரே ராகத்துல இழுத்துக்கிட்டே போறீங்க. பாதி சபை தூங்கி விழுது!"

"தூங்கறப்ப யாரும் பாவம் செய்யறதில்லையே."

"ஜோக்கடிக்காதீங்க. என் சம்சாரமே தூணுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்து தூங்கறா. எனக்கு மானம் போகுது. படுக்கையில கிடக்கற எங்கம்மாவை ராப்பகலா பாத்துக்கறோம். ஊரே பாராட்டுது. ஞாயித்துக்கிழமை ஒரு நாள், பக்கத்து வீட்டு அக்காவை அம்மாகிட்ட உட்கார வெச்சுட்டு நிம்மதியா சர்ச்சுக்கு வந்தா, இப்படி அறுக்கறீங்களே!"

பாஸ்டர் ஒற்றைக் காலுறைக்கு ஜோடி தேடினார். கிடைக்கவில்லை.

"நாளைக்குப் பேராயர் வர்றார். நான்தான் வரவழைச்சேன். சுருக்கமா முடிச்சீங்கன்னா சரி. இல்லேன்னா பெட்டி படுக்கையைக் கட்டிக்கோங்க."

அவர் தலை மறைந்ததும் அடுப்படியிலிருந்து பாஸ்டரம்மா கரண்டியோடு வந்தாள்.

"கேட்டீங்களா? பொண்ணுக்கு இது பரீட்சை வருஷம். நடுவுல ஊரை மாத்தினா அவ படிப்பு என்னத்துக்கு ஆகும்? நாளைக்குச் சுருக்கமா முடிக்கறேன்னு எனக்குச் சொல்லுங்க."

"முடிச்சுடறேன்மா. சத்தியமா... சரி, சத்தியம் பண்ணக் கூடாது. முடிச்சுடறேன்."

மறுநாள் பேராயர் முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்திலேயே செயலாளர்.

சும்மா சொல்லக் கூடாது, பிரசங்கம் கச்சிதமாகத்தான் போனது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, "ஆகவே பிரியமானவர்களே..." என்று முடிவுக்கே வந்துவிட்டார் பாஸ்டர். பாடகர் குழு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. பாஸ்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாஸ்டர் சபையை ஒரு தரம் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். மனைவியைப் பார்த்தார். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பிரியமானவர்களே, இன்னொரு சின்ன விஷயம்..."

எழுந்த பாடகர் குழு அசடு வழிய உட்கார்ந்தது.

சின்ன விஷயம் குட்டி போட்டது. அந்தக் குட்டியும் குட்டி போட்டது. பிறகு, பரிசு கொடுத்தாலும் யாரும் படிக்காத வம்ச வரலாறு ஒன்றை எடுத்தார் பாஸ்டர். இவருக்கு யார் அப்பா, அந்த அப்பாவுக்கு யார் அப்பா என்று, குரல் ஏறாமல் இறங்காமல் பூட்டன் ஓட்டன் வரைக்கும் போனார். செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். பாஸ்டரம்மா கண்ணாலேயே எரித்தாள். பேராயர் மட்டும் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார். தியானத்திலிருந்து லேசாகக் குறட்டை வந்தது.

ஒருவழியாக ஆமென் வந்தபோது பேராயர் திடுக்கிட்டு எழுந்து, தூணுக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் விசாரணை.

"என்னய்யா இது, பிரசங்கமா, தண்டனையா?" என்றார் பேராயர்.

"வாய் நிக்கலைங்க ஐயா."

"அடுத்த மாசம் வேற சபைக்குப் போங்க. அங்க போய் நிக்கட்டும்." பேராயர் செயலாளர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அருமையான ஆள் ஒருத்தரை அனுப்பறேன். அவர் பேசினா ஒருத்தருக்கும் கண் அசராது."

செயலாளருக்கு வாயெல்லாம் பல்.

பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமென் நாக்கு நுனியில இருந்துச்சே, அதை முழுங்கிட்டு யாரோட பூட்டனையோ தேடிப் போனீங்களே! பெத்த பொண்ணை விட அவங்க வம்சம் உங்களுக்கு முக்கியமாப் போச்சா?"

பாஸ்டர் அங்கியைக் கழற்றி மாட்டினார்.

"செயலாளர் வீட்டம்மா தூணுக்குப் பின்னாடி உட்காருவாளே, பாத்திருக்கியா?"

"அவளுக்கு என்ன?"

"மாமியாருக்கு ஜெபம் பண்ண அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். ராப்பகலா பாத்துக்கறது அவ ஒருத்திதான். அந்த மனுஷன் ராத்திரி ஒரு தடவை கூட எழுந்ததில்லை. 'உனக்கு என்னம்மா வேணும், அதையும் சேர்த்து ஜெபிக்கறேன்'னு கேட்டேன். 'தூக்கம்'னா. வேற ஒண்ணுமே கேக்கலை."

"அதுக்கு?"

"ஜெபம் பண்ணிப் பாத்தேன், பலிக்கலை. பிரசங்கம் பண்ணினேன், பலிச்சுது. மேஜையைத் தட்டினா திடுக்குனு முழிச்சுக்கறா. அதான் தட்டறதையும் விட்டேன். இன்னிக்குப் பாரு, நான் முடிக்கப் போறப்பதான் பாவி மக கண் அசந்தா. சர்ச் விட்டா அவ வீட்டுக்கு ஓடணும். எப்படிடி ஆமென் சொல்வேன்?"

"இதைப் பேராயர்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"புருஷனை வெச்சுக்கிட்டா? அப்புறம் வீட்டுல அவளுக்கில்ல பூஜை நடக்கும்."

பாஸ்டரம்மா பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினாள். தூசு தட்டினாள். தட்டிய கை பாதியில் நின்றது. கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா, பொண்ணு படிப்பை நெனச்சா?"

"அது கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாள் பாஸ்டரம்மா. "புதுசா வர்றவர் பேசினா ஒருத்தருக்கும் கண் அசராதாமே... ஐயோ, பாவங்க அவ!"