லூஸ் கான்டாக்ட்

அடியில் இருந்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, சி.டி. டிரைவைப் பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுத்தான் உதயகுமார்.

"இப்ப வர்ற லேப்டாப்புல சி.டி. போடுற எடமே கெடையாதும்மா. இத்த எங்க புடிச்ச?"

"தம்பி காலேஜ் படிக்கச்சொல்ல வாங்கினது, பரண் மேல கெடந்துச்சு" என்றாள் விஜி. "சி.டி.யப் போட்டா ஒரு தபா சுத்துது, அப்பால காணாப் போயிடுது."

வருகிற செவ்வாய்க்கிழமை கேஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷினில் சிக்கி அவள் புருஷன் தமிழரசு செத்து ஏழு மாதம் ஆகிறது.

கை உள்ளே போனால் மிஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. வேலை சீக்கிரம் முடிய, அதன் வயரை முறுக்கி, சென்சார் வேலை செய்யாதபடி டைரக்ட் பண்ணியது தமிழரசுவேதான் என்கிறது கம்பெனி. செத்தவன் மேலேயே பழி.

அதைச் செய்தது அவன் இல்லை என்று காட்ட விஜியிடம் இருப்பது இந்த ஒரு சி.டி.தான். போலீஸ் கம்பெனியில் கைப்பற்றிய கேமரா பதிவு. வக்கீல் நகல் வாங்கிக் கொடுத்தது.

உதயகுமார் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தாபுதுப்பேட்டை வீட்டில் லேப்டாப் ரிப்பேர் பார்ப்பான். அன்றைக்குத் தமிழரசுவை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனும் அவன்தான். வேறு யாரிடம் போவாள் அவள்?

டிரைவின் பின்னால் இருந்த பின்களில் களிம்பு பிடித்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். மறுபடி சொருகினான்.

டிரைவின் பெயர் திரையில் வந்தது. மறைந்தது. விரலால் அழுத்தினால் இருந்தது. விரலை எடுத்தால் போனது.

"அம்மாம் பெரிய மிஷினே ஒன் கைக்கு அடங்குது. இத்துனூண்டு அடங்கமாட்டேங்குதாண்ணா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்த ஏழு மாதத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. அதற்காகவாவது சரிபண்ணிவிட வேண்டும் என்றிருந்தது அவனுக்கு.

அட்டைத் துண்டு ஒன்றை மடித்து இடுக்கில் செருகினான். தட்டு சீராகச் சுற்ற ஆரம்பித்தது.

திரை அவன் பக்கம் திரும்பியிருந்தது.

விபத்துக்கு முந்தின நாள். மாலை ஷிஃப்ட். மிஷினின் பின்பக்கம்.

பின்பக்கம் கேமரா இருப்பது அவனுக்குத் தெரியாது.

சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். ஒருவன் குனிந்து சென்சார் பெட்டியைத் திறக்கிறான். பிளையரால் இரண்டு வயரை முறுக்குகிறான். டேப் ஒட்டுகிறான்.

தன் முதுகை உதயகுமார் இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தான்.

இன்னும் இரண்டு நொடி. முகம் திரும்பிவிடும்.

அட்டைத் துண்டைப் பிடுங்கினான். திரை உறைந்து நின்று, பிறகு வெறுமையானது.

"லென்ஸ் போயிடுச்சும்மா" என்றான். சி.டி.யை வெளியே எடுத்தான். "இனிமே இது எதையும் படிக்காது. சி.டி.யும் ஒரே கீறலா கீது."

விஜி எழுந்தாள். சி.டி.க்குக் கையை நீட்டினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முந்தானையில் துடைத்து உறைக்குள் போட்டாள். எதிலும் அவசரம் இல்லை.

"பரவால்லண்ணா. நேத்தே வக்கீலு ஆபீஸ்ல முழுசாப் பாத்துட்டேன். நீயா வாயத் தொறந்து சொல்லிடுவியோன்னுதான் தூக்கினு வந்தேன்."