கயிறு கட்டிய மரம்

அன்னக்கிளி கல்லை எடுத்துவிட்டாள்.

எதிரே ரசீதாவின் மரம். அதில் ஆறு கூடுகள். நாரைக் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன.

அடுத்த திட்டில் நின்ற அன்னக்கிளியின் மரத்தில் ஒரு காக்கை கூட இல்லை.

சங்கரன்கோவிலுக்கு வெளியே, இந்தக் குளத்துக்குள் மொத்தம் பதினான்கு மரங்கள். கொரோனா வருடம் வளைகுடாவில் இறந்து, ஊருக்கு உடல் வராமல் அங்கேயே மண்ணுக்குள் போன பதினான்கு பேருக்காக நட்டவை.

சிலையும் கல்வெட்டும் வேண்டாம், தூரதேசம் போய்த் திரும்பும் பறவைகள் வந்து தங்கட்டும் என்றாள், நினைவிடத்தை வடிவமைத்த யோகலட்சுமி. மண்திட்டுகள் போட்டு, ஆளுக்கொரு கருவேலங்கன்று வைத்து, கரையிலிருந்து நடந்துபோகப் பாதையும் அமைத்தாள்.

ஐந்து வருடம் எந்த மரத்துக்கும் எதுவும் வரவில்லை. அது பரவாயில்லை.

இந்த வருடம் தை மாதம் நாரைகள் வந்தன. நேராக ரசீதாவின் மரத்துக்கு.

அன்னக்கிளி தறிக்குப் போகுமுன் தினமும் வந்து தண்ணீர் ஊற்றியவள். மரத்தடியில் மீன் வாங்கிப் போட்டும் பார்த்தாள். நாய் தின்றது.

ரசீதாவின் கணவன் கபீர் இருந்தபோது தினமும் இரண்டு தடவை போனில் பேசுவான் என்று ரசீதாவே சொல்லியிருக்கிறாள். அன்னக்கிளியின் கணவன் மூக்காண்டி வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் அவசரமாக.

செத்த பிறகுமா?

கையை ஓங்கினாள்.

பின்னால் செருப்புச் சத்தம். ரசீதா பாதையில் நின்று அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்னக்கிளி ஓங்கிய கையை இறக்கினாள்.

“எறிங்கக்கா,” என்றாள் ரசீதா. “குஞ்சு பறக்குத வரைக்கும் கிட்ட போவக் கூடாதுன்னு யோகலட்சுமி மேடம் சுத்திக் கயிறு கட்டிட்டாவ. எங்க வீட்டுக்காரவுக மரத்த நான் தொட்டு மூணு மாசமாச்சி. நீங்க தெனமும் ஒங்க மரத்தக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிய. நான் கரையில நின்னு பாத்துட்டுப் போறேன்.”

அன்னக்கிளி கல்லைக் கீழே போட்டாள்.

பாதையை விட்டு ஒதுங்கி நின்றாள்.

ரசீதா அவளைத் தாண்டிப் போய், மூக்காண்டியின் மரத்தை இரண்டு கைகளாலும் அணைத்து, பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்திலேயே அன்னக்கிளிக்கு ‘போதும்’ என்று வாய்வரை வந்தது.

சொல்லவில்லை.