குளத்தோரக் கச்சேரி

பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கு மூளை கலங்கித்தான் போயிருக்க வேண்டும் என்று கோகுல்ராஜ் முடிவே கட்டிவிட்டான்.

பின்னே? ஐம்பது வயது மனுஷன். கொல்லிமலை அடிவாரத்தில், காட்டுக் குளத்தோரம், காசு கட்டிக் கூடாரம் பிடித்துப் பெண்டாட்டியோடு வந்திருக்கிறார். வந்தவர் குளத்தில் இறங்கினாரா, மரத்தடியில் காலை நீட்டிப் படுத்தாரா? இல்லை. அலுமினியக் குண்டாவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இரண்டு கரண்டியால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

டக்கட டக். டக்கட டக்.

முக்கால் மணி நேரமாக இதே வேலை. பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. வெறும் டக்கட டக்.

கோகுல்ராஜின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. குமாரபாளையத்தில் அவனுக்கு எட்டு விசைத்தறி. வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை. ராப்பகலாக ஓடும். பெண்டாட்டியிடம் ‘சோறு போடு’ என்று சொல்வதைக்கூடத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தித்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாளாவது காதுக்கு ஓய்வு கொடுப்போம் என்று இங்கே வந்தான்.

வந்த இடத்தில் பத்து மாதப் பிள்ளை யோகேஷ் தூங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். நேற்றுச் சாயங்காலம் ஆரம்பித்த அழுகை. தோளில் போட்டு நடந்தாயிற்று, மரத்தில் தூளி கட்டி ஆட்டியாயிற்று, குளத்து வாத்தைக் காட்டியாயிற்று. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. அழுகை மட்டும் நிற்கவில்லை.

“மத்தியானத்துக்குள்ள புள்ள தூங்கலீன்னா ஊட்டுக்குக் கெளம்பிரலாமுங்க” என்று தமிழ்ச்செல்வி கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் கண்ணும் சிவந்து போயிருந்தது.

நல்லவேளை, அரை மணிக்கு முன்னால் பையன் கண்ணை மூடினான். அவனை அணைத்தபடி அவளும் அசந்துவிட்டாள். ‘காட்டுக் காத்துன்னா சும்மாவா? நான்தான் அப்பவே சொன்னேனே!’ என்று கோகுல்ராஜுக்கு ஒரே பெருமை.

இந்த நேரம் பார்த்தா அந்த ஆள் கச்சேரி வைக்க வேண்டும்? பிள்ளை முழித்துக்கொண்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

“ஏனுங்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. எங்க கூடாரத்துல கொழந்த தூங்குது.”

தீர்த்தகிரி என்ற அந்த மனுஷர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“தூங்கட்டுங் தம்பி, நல்லாத் தூங்கட்டும்.”

சொல்லிவிட்டு, டக்கட டக்.

கோகுல்ராஜுக்குக் காது மடல் சூடேறியது. மரத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று ஆளுயரத்துக்குப் பலகை அடித்திருந்தார்கள். அதைக் காட்டினான்.

“படிக்கத் தெரியுமில்லீங்க?”

“தெரியுமுங்க. இன்னொரு அரை மணி நேரம் பொறுத்துக்குங்க.”

அதற்குள் அவர் மனைவி ராமாயி கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள். அப்பாடா, வீட்டம்மாளாவது புருஷனை அடக்குவாள் என்று பார்த்தால், அந்த அம்மாள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“மணிக்கட்டு வீங்கிரும், குடுங்க இப்பிடி. நான் கொஞ்ச நேரம் தட்டறேன்.”

தட்டு ஒன்றுகூடத் தவறாமல் கரண்டி கை மாறியது. ஷிப்டு போட்டல்லவா தட்டுகிறார்கள்! குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தான் கோகுல்ராஜ். இதற்கு மேல் மரியாதை பார்ப்பதில் அர்த்தமில்லை. குனிந்து இரண்டு கரண்டியையும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

சத்தம் நின்றது.

அடடா, என்ன சுகம்! குளத்துத் தண்ணீர் கரையில் மோதுவது கேட்டது. எங்கேயோ ஒரு குருவி கத்தியது. இதற்குத்தானே வந்தான்? கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தான்.

இழுத்த மூச்சை விடுவதற்குள் கூடாரத்திலிருந்து யோகேஷ் வீல் என்று அலறினான்.

“பாத்தீங்ளா! எழுப்பி உட்டுட்டீங்களே!” என்று பாய்ந்தான் கோகுல்ராஜ்.

“நாங்க எங்க தம்பி எழுப்புனோம்? நீங்கதான் எழுப்பி உட்டீங்க” என்றாள் ராமாயி.

அவன் கையிலிருந்த கரண்டிகளை வாங்கி மறுபடி தட்ட ஆரம்பித்தாள். டக்கட டக். டக்கட டக்.

அலறல் அழுகையானது, அழுகை முனகலானது. அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது.

கோகுல்ராஜ் கரண்டியையும் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“காலைல குழாயடியில உங்க சம்சாரம் அழுதுட்டே சொல்லுச்சுங்க” என்றாள் ராமாயி, கை நிற்காமல். “பொறந்ததுல இருந்து தறிச் சத்தத்துலயே தூங்குன சாமி. திடீர்னு சத்தத்த நிறுத்திப்போட்டுத் தூங்குன்னா எப்பிடித் தூங்கும்? எங்க புள்ளயும் அப்பிடித்தான். மொதமொதல்ல வெளியூர் கூட்டிட்டுப் போனப்ப ரெண்டு நாளு பொட்டுக்கூடக் கண்ணு மூடல.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே, அக்கா...”

“பேசுனா இவருக்குத் தட்டு தப்பிப் போகுது. தப்புனா புள்ள நெளியறான். பாத்துட்டுத்தான் இருக்கறோம்.”

இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் அழுகையே வந்துவிடும் போலிருந்தது கோகுல்ராஜுக்கு. அவ்வளவு வெட்கம். தரையில் உட்கார்ந்து, “குடுங்கக்கா, நான் தட்டறேன்” என்று வாங்கிக்கொண்டான். தட்டிக்கொண்டே தீர்த்தகிரியிடம் கேட்டான்.

“அச்சு அசல் தறி மாதிரியே தட்டுனீங்களே, எப்பிடிங்ணா?”

தீர்த்தகிரி மணிக்கட்டை நீவிவிட்டபடி சிரித்தார்.

“எங்க ஊரு எளம்பிள்ளைல எங்களுக்கும் ஆறு தறி ஓடுதுங் தம்பி. ரெண்டு நாளாச்சும் அந்தச் சத்தம் காதுல உழுகாம இருக்கட்டும்னுதான், நாங்களும் இங்க வந்தோம்.”