கால் வலிக்கும் பாடம்

பதினோராம் வகுப்பில் உலக வரலாற்றை இப்போது யாரும் படிப்பதில்லை. மெய்நிகர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்துக்குள்ளேயே போய் வாழ்ந்துவிட்டு வருகிறார்கள். செவ்வந்தி இன்று இங்கிலாந்து நூற்பாலையில் பொழுது முழுக்க நின்றாள். உடம்பு என்னவோ பெஞ்சில்தான் இருந்தது, ஆனாலும் கால் கடுத்தது.

செங்கல் சூளையிலிருந்து திரும்பிய பச்சையம்மா, மகளின் காலில் தைலம் தேய்த்தாள்.

"இந்தப் பாடு வேணாம்னுதானடி உன்னப் படிக்க அனுப்புனேன்."

"நாளைக்குக் கரும்புத் தோட்டம்மா. அடிமையா போறேன்."

"அடிப்பானுங்களா?"

"ம்."

பச்சையம்மா இன்னும் கொஞ்சம் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.

"ஜனங்க திருப்பி அடிச்ச பாடமும் இருக்கும்ல, அது எப்ப?"

"அது பரீட்சைக்கு வராதாம்மா. டீச்சர் விட்டுட்டாங்க."

பச்சையம்மா மகளின் இன்னொரு காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.