சேர்ந்துதான் போவோம்

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் செட் ஐந்து மாதமாக விலைபோகாமல் கிடந்தது. "நாமெல்லாம் ஒரே குடும்பம். போனா சேர்ந்துதான் போவோம்" என்று மானிட்டர் தினமும் சொல்லும். கீபோர்டும் மவுசும் ஆமாம் போடும். கேபினெட்டுக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்குக்கு அதைக் கேட்டாலே மனசு நிறைந்துவிடும். மானிட்டரில் தோகை விரிக்கும் மயில் வீடியோவை நாள் தவறாமல் எடுத்துக் கொடுத்தது அதுதான்.

ஒருநாள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மெர்சி வந்தாள். "போட்டுக் காட்டுங்கண்ணே" என்றாள். ஹார்ட் டிஸ்க் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழன்றது. மயில் வருவதற்குள் அவள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

"மத்ததெல்லாம் சரிதான். டிஸ்க்தான் ரொம்ப ஸ்லோ. அதை மட்டும் மாத்திக் குடுங்க, செட்டை இப்பவே எடுத்துக்கிறேன்."

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மானிட்டர் ஏதாவது சொல்லும் என்று ஹார்ட் டிஸ்க் காத்திருந்தது. கடைசித் திருகும் கழன்றது.

ஹார்ட் டிஸ்க்கை மேஜை டிராயரில் போட்டு மூடும்போதுதான் மானிட்டரின் குரல் கேட்டது. புதிதாக வந்த டிஸ்க்கிடம் அது சொல்லிக்கொண்டிருந்தது: "வாப்பா, வா. நாமெல்லாம் ஒரே குடும்பம்."