டிரைவரின் வயிறு

கல்யாணப் போட்டோவுக்காக உள்ளே எக்கிய வயிற்றை டிரைவர் இன்றுவரை வெளியே விட்டதில்லை, தூக்கத்தில்கூட. இப்போது ஜிம்மில் நூற்றைம்பது கிலோ கம்பி அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. போன முறை இதே எடையில் இடுப்பு பிடித்து மாதக்கணக்கில் படுத்தவர். மறுபடி பிடித்தால் பஸ் ஓட்டும் வேலையே போய்விடும். இடுப்பில் தோல் பெல்ட் இறுகியிருக்கிறது. டியூப்லைட் முனகுகிறது. பின்னால் கைகளை ஏந்தி நிற்கும் மச்சினன் பல்லைக் கடிக்கிறான்: "மாமா, எக்காதீங்க! மூச்ச வயித்துக்குள்ள இழுத்து பெல்ட்ட வெளிய தள்ளுங்க." "கண்ணாடில உங்க அக்கா தெரியறாடா." "அக்காவா, இடுப்பா? சீக்கிரம் சொல்லுங்க." டிரைவர் கண்ணை மூடி மூச்சை இழுக்கிறார். இருபது வருஷத்து வயிறு மொத்தமும் வந்து முட்ட, பெல்ட் கிறீச்சிடுகிறது. மெல்ல உட்காருகிறார். தொடை நடுங்குகிறது. அடியில் போய்க் கம்பி ஒரு கணம் நின்றேவிடுகிறது. "ஏங்க, இது யாரு வயிறு?" என்கிறாள் பின்னால் வாசலில் நின்று பார்க்கும் மனைவி. சிரித்தால் மூச்சு போகும். மூச்சு போனால் முதுகு போகும். மச்சினன் சிரிப்பை அடக்க வாயைத் தன் தோளில் புதைத்துக்கொள்கிறான். டிரைவரின் கழுத்து நரம்பு புடைக்கிறது, மூக்கு விரிகிறது, கம்பி அங்குலம் அங்குலமாக ஏறி, டங்கென்று ஸ்டாண்டின் கொக்கியில் உட்காருகிறது. அப்புறம்தான் மூச்சை விடுகிறார். "என்னோடதுதான். நல்லாப் பாத்துக்கோ."