காதலர் தினக் காவல்

விடிந்ததும் வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் பதிவாளர். காதலர் தினத்தன்று கல்யாண வயதுப் பெண்ணை வெளியே அனுப்ப அவர் ஒன்றும் புத்தி கெட்டவர் இல்லை. மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதுவரை குடும்ப மானம் அந்தப் பூட்டில்தான் தொங்கியது.

"ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வீட்டுல வாட்ச்மேன் வேலையா?" என்றாள் மனைவி.

"பொண்ணை நீ ஒழுங்கா வளர்த்திருந்தா நான் ஏன்டி இங்க நாற்காலி போடப் போறேன்?"

இத்தனைக்கும் ஊரில் உள்ள காதலர்களின் திருமணத்தையெல்லாம் பதிவு செய்து வைப்பதே அவர் வேலை. சட்டத்துக்காகச் செய்தார்; மனம் ஒப்பியல்ல. விசாரணை, உறுதிமொழி எல்லாம் வெளி அறையில் எழுத்தரோடு முடிந்துவிடும். தன் முன்னால் வந்து நிற்கும் ஜோடியை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். பெயரைக்கூடப் படிக்க மாட்டார். எழுத்தர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "அடுத்தது" என்பார். அந்த வீம்பு ஆபீசில் பிரசித்தம்.

மகள் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அழவில்லை, முறைக்கவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

"அப்படி என்ன பெரிய தினம் இது? எவன் கண்டுபிடிச்சான்?"

"ஒரு கதை சொல்வாங்கப்பா. யாரும் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதுன்னு ஒரு ராஜா உத்தரவு போட்டாராம். ஒரு பாதிரியார் ரகசியமா பண்ணி வெச்சாராம். விஷயம் தெரிஞ்சு ராஜா அவர் தலையை வாங்கின நாளாம் இது."

"நல்லா வேணும்! கட்டிக்கிட்டதுங்களைக்கூட விட்டுடலாம். பண்ணி வெச்சான் பாரு, அவனை விடவே கூடாது."

மகள் கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள்.

"அப்பா, இது அவர் செத்த நாள்தான். கல்யாணமெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி பத்திரமாகத்தான் இருந்தது.

"யாருக்கு... யாருக்கு முடிஞ்சு போச்சு?"

அவள் தலை குனிந்தாள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எவன்டி பண்ணி வெச்சான்? சொல்லு! அவனைக் கோர்ட்டுக்கு இழுத்துச் சந்தி சிரிக்க வைக்கறேன்!"

மகள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நிமிர்ந்து பார்ப்பீங்கன்னுதான் போன வாரம் உங்க மேஜை முன்னாடியே நின்னோம்ப்பா. நீங்க 'அடுத்தது'ன்னுட்டீங்க."